தொட்டால் முதல் நாள்

கடல் தாண்டி, மூன்று விமானம் மாறி வந்த பார்சல் ஒன்று, பூட்டுக்காரர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் நாலாவது நிறுத்தத்தில் வந்து நின்றுவிட்டது. புயலும் மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை. 'வெளிநாட்டுத் தபால் பிரிவு' என்று பலகை மாட்டிய கட்டடம்தான் அதைப் பிடித்து உட்கார வைத்தது. உட்கார வைத்தது என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் பாஷையில் பார்சல் 'ஓய்வில்' இருந்தது.

அது தொற்றுக் காலம். மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பதினாலு நாள் ஓய்வில் இருந்தார்கள். மனிதர்களுக்கு உள்ள சலுகை பார்சலுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. தோன்றியதை உத்தரவாக்கி, உத்தரவைச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டிவிட்டார்கள்.

பார்சலுக்குள் இருந்தது ஒரு காது மிஷின். பூட்டுக்காரரின் மனைவிக்குக் காது மந்தம். காதுமடலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் மிஷினின் தயவில் வருஷக்கணக்காக ஊர் வம்பில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இருந்தவள் அவள். முகக்கவசம் வந்த பிறகு அதன் நாடாவுக்கும் மிஷினுக்கும் காதில் இடத்தகராறு வந்தது. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் கவசத்தைக் கழற்றும்போது நாடா மிஷினையும் சேர்த்து இழுத்துவிட, அது எகிறிப் போய் ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அதன் மேல் நிதானமாக ஏறிப் போனது.

மிஷின் போனால் போகிறது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் ஊரில் ஒரு உதடு வெளியே தெரியவில்லை. காது மந்தமானவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரே வழிதான். எதிராளி என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிடுவது. பத்துக்கு ஒன்பது தடவை அது பொருந்திவிடும். பத்தாவது தடவை, கீழ்வீட்டம்மா மாடிப்படியில் நின்று ஏதோ சொன்னாள். கவசத்துக்கு மேலே கண் மட்டும் சுருங்கியிருந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்து, "ஆமா, ஆமா, ரொம்ப சந்தோஷம்" என்று இவளும் வாய்நிறையச் சிரித்தாள். கீழ்வீட்டம்மா சொன்னது, தன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன சேதி.

விஷயம் தெரிந்ததும் பூட்டுக்காரர் மனைவி அழுத அழுகை அடங்கவே இல்லை. அதற்குப் பிறகு படி இறங்கவில்லை. கொடியில் துணி போடக்கூட பால்கனிக்குப் போகவில்லை. மாடியில் வீடு, கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் கீழ்வீட்டம்மா குடியிருப்பு. சாவி ராவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, வாடிக்கையாளரிடம் வம்பளந்து, புருஷனுக்கு நூறு யோசனை சொல்லி, வாய் ஓயாமல் இருந்தவள். இப்போது கடையில் அரம் ராவுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அதுவும் அதிகம் கேட்கவில்லை. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது யார் சாவியைத் தொலைப்பார்கள்? ஒரு காலத்தில் அவளுடைய பேச்சு நின்றால் போதும் என்று நினைத்தவர்தான் பூட்டுக்காரர்.

வெளிநாட்டில் இருந்த மகள், அம்மாவின் பழைய பரிசோதனைத் தாளை வரவழைத்து, அந்தக் காதுக்கென்றே அளவு வைத்த மிஷினை வாங்கி அனுப்பினாள். "அப்பா, இது வந்துட்டா அம்மா என்கூட ஃபோன்லயே பேசலாம். பத்திரமா வாங்கிடுங்கப்பா" என்றாள். வாங்குவதற்கென்ன, நாலு நிறுத்தம்தானே என்று பூட்டுக்காரர் கிளம்பினார்.

தபால் பிரிவு வாசலில் ஒரு காவலாளி நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கியோடு நின்றிருந்தார். வரிசையோ வெயிலில் இருந்தது.

"சூடு ஜாஸ்தியா காட்டுது. நிழல்ல போய் ஆறிட்டு வாங்க."

"வெயில்ல நின்னா சூடாத்தானே தம்பி இருக்கும்?"

"அது எனக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தெரியாது."

நிழலுக்குப் போனால் அங்கே ஆறவேண்டியவர்களின் வரிசை ஒன்று இருந்தது. அதுவும் நீளமாகப் போய் வெயிலில்தான் முடிந்தது. பூட்டுக்காரர் ஒருவழியாக ஆறி, உள்ளே போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது.

ஜன்னலில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் தாள், அதற்குப் பின்னால் முகத்தை மூடிய இன்னொரு பிளாஸ்டிக், அதற்கும் பின்னால் இரண்டு கவசம். இத்தனைக்கும் அப்பால் இருந்த ஜன்னல்காரர் தங்கமான மனிதர். மற்ற ஜன்னல்களில் இருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "இல்லை" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும்தான் எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"இருக்குண்ணே! கையில எடுத்தே பார்த்துட்டேன். நசுங்கல, பிரியல, அப்படியே இருக்கு. பதினாலு நாள் ஓய்வு. அது முடிஞ்சதும் உங்க கையில."

பூட்டுக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, கவசத்தைக் கழற்றவும் பொறுக்காமல், இருக்கு, வரும் என்று கையால் ஜாடை காட்டினார். மனைவி விரல்களை மடக்கி எத்தனை நாள் என்று கேட்டாள். பத்து விரலையும், பிறகு நாலு விரலையும் காட்டினார். அவள் அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

ஆனால் மனசு கேட்கிறதா? இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஜன்னல்காரர் முகம் கோணாமல் உள்ளே போய், பார்சலை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இருக்குண்ணே" என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஊழியரா என்று பூட்டுக்காரர் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பதினாலு நாள் போனது. இன்னொரு பதினாலு நாளும் போனது. அதற்கடுத்த மாசமும் பிறந்தது. வீட்டில் மனைவி விரல் மடக்குவதை நிறுத்திவிட்டாள்.

"ஏண்ணே, இன்னும் பதினாலு நாள் ஆகலையா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

ஜன்னல்காரர் கணினியைத் தட்டினார். "முந்தாநேத்துதான் மனுஷக்கை பட்டிருக்கு. மனுஷக்கை பட்டா அன்னைக்குத்தான் முதல் நாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு."

"யார் கை பட்டுச்சு?"

"என் கைதான். நீங்க வந்து கேட்டீங்கல்ல?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். கவசம் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

"தொடாம சொல்லக்கூடாதாண்ணே?"

"பார்க்காம எப்படிண்ணே பொய் சொல்றது? அடுக்கின அடுக்குல பேரு அடியில இருக்கும். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

"அப்படியும் பண்ணிடாதீங்க. பதினாலு நாள் யாரும் கேக்கலைன்னா கேட்பாரற்ற பார்சல்னு வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க."

கேட்டாலும் வராது, கேட்காவிட்டாலும் வராது. இருதலைக் கொள்ளி எறும்பாவது ஏதாவது ஒரு பக்கம் விழுந்து தப்பிக்கப் பார்க்கும். பூட்டுக்காரர் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றார்.

கண்காணிப்பாளர் அறையில் அவருக்கும் மேசைக்கும் நடுவிலேயே ஒரு பிளாஸ்டிக் தாள் தொங்கியது. கையெழுத்துப் போட வேண்டியபோது அதை விலக்கிக்கொண்டு போட்டார். பூட்டுக்காரர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது.

"ஐயா, எங்க வேலை பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுன்னு ஜனங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அது சாதாரண காலத்துல. இப்ப எங்க வேலை பாதுகாப்பு. பார்சல் உங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்கு ஆபத்து. வழியில இருந்தா வழியில உள்ளவங்களுக்கு ஆபத்து. இங்கயே இருந்தா யாருக்கு ஆபத்து, சொல்லுங்க? இந்த ஊர்ல தொற்று வராத இடம் உண்டா? ஆனா எங்க பிரிவு அனுப்பின பார்சலால ஒரே ஒரு ஆளுக்குக்கூடத் தொற்று வந்ததில்லை. மேலிடத்துல பாராட்டி எழுதியிருக்காங்க."

"இதுவரைக்கும் எத்தனை பார்சல் சார் அனுப்பியிருக்கீங்க?"

"அனுப்பியிருந்தா இந்தப் பேரு கிடைச்சிருக்குமா?"

கண்காணிப்பாளரே இரக்கப்பட்டு முன்னால் சாய்ந்தார்.

"உங்க கஷ்டம் புரியாம இல்லை. தொடாமலே பார்சலைப் பார்க்கிறதுக்கு நானே ஒரு திட்டம் போட்டிருக்கேன். தொலைநோக்கி. அறை வாசல்ல நின்னபடியே உள்ள இருக்கிற பேரு எல்லாம் படிச்சுடலாம். நல்ல தொலைநோக்கியா வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சாச்சு."

"ரொம்ப நல்லதுங்க சார். எங்க அது?"

"உள்ளதான் ஓய்வுல இருக்கு. ரெண்டு மாசமாச்சு. நான் தினமும் போய், ஓய்வு முடிஞ்சுடுச்சான்னு எடுத்துப் பார்த்துட்டுதான் இருக்கேன்."

அதன்பிறகு பூட்டுக்காரர் ஒரு உபாயம் செய்தார். கேட்கவும் கூடாது, கேட்காமல் இருக்கவும் கூடாது என்றால், போய் ஜன்னல் முன்னால் நிற்பது, வாயைத் திறக்காமல் திரும்புவது. வந்ததற்கு ஆள் சாட்சி, கேட்கவில்லை என்பதற்கு மௌனம் சாட்சி. அப்படியே போய் நின்றார். ஜன்னல்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கருணை பொங்கியது.

"நீங்க வாய்விட்டுக் கேக்கவே வேணாம்ணே. உங்க கண்ணைப் பார்த்தாலே தெரியுது" என்றபடி எழுந்து உள்ளே ஓடினார். பூட்டுக்காரர் கத்துவதற்குள் பார்சலைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். "இருக்குண்ணே!"

நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே கிடையாது. கெட்டவன் என்றால் திட்டவாவது திட்டலாம்.

அந்த வாரமே தபால் பிரிவிலிருந்து ஆள் வந்தது. பார்சலுக்காக அல்ல, பூட்டுக்காக. ஓய்வறைக் கதவில் மணிக்கொருதரம் கிருமிநாசினி அடித்து அடித்து, பூட்டு உள்ளுக்குள் துருவேறி இறுகிவிட்டதாம். சாவி உள்ளே போகிறதாம், திரும்பமாட்டேன் என்கிறதாம். அரைமணியில் பூட்டுக்காரர் தன் பையோடு போய் இறங்கினார். அன்றைக்குக் காவலாளி நெற்றியில் துப்பாக்கி வைக்கவில்லை.

கதவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, எண்ணெய் விட்டு, கம்பியை உள்ளே செலுத்தி நெம்பினார். பூட்டு முனகியது. பிறகு வழிவிட்டது. கதவு திறந்தது.

உள்ளே கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள். அதில் பெட்டி, உறை, மூட்டை, யாருக்கோ யாரோ அனுப்பிய குழந்தை நாற்காலி ஒன்று, அடுக்குக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு ஒரு கிடார். எல்லாம் ஓய்வில் இருந்தன. இடதுபக்க அடுக்கில், மார்பு உயரத்தில், மகளின் கையெழுத்து இருந்தது. அம்மாவின் பெயரை அவள் எப்போதும் போலக் கொஞ்சம் சாய்த்து எழுதியிருந்தாள். பார்சல் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். பைக்குள் போட்டால் வெளியே தெரியக்கூடத் தெரியாது. பின்னால் நின்றவர்கள் தொற்றுக்குப் பயந்து பத்தடி தள்ளி நின்றிருந்தார்கள்.

பூட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். ஊரில் பாதி வீட்டுப் பூட்டு அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது என்றால், திறந்துவிட்ட கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை என்பதுதான் காரணம். இது தன்னுடையதுதானே என்று மனசு சொன்னது. கை அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. மகள் எழுதிய எழுத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எதையாவது தொட்டீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்லீங்க சார்."

"உங்க பார்சல் கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"பட்டும் தொடலையா!" கண்காணிப்பாளர் பத்தடியிலிருந்தே கைகூப்பினார். "இப்படிப்பட்ட ஆளுக்கு இந்தப் பிரிவு ஏதாவது செய்யணும். புதுசா ஆவிப்பெட்டி வந்திருக்கு. பார்சலைப் பிரிக்காமலே உள்ள இருக்கிற சாமான் வரைக்கும் ஆவி போய்ச் சுத்தம் பண்ணிடும். ஓய்வே தேவையில்லை. முதல் பார்சல் உங்களோடதுதான்."

பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, வேணாம் சார்! உள்ள இருக்கிறது காது மிஷின். தண்ணி பட்டா கெட்டுடும்."

"தண்ணி எங்க படுது? ஆவிதானே படுது."

"மேலயே எழுதியிருக்கே சார், ஈரம் படக்கூடாதுன்னு."

"எழுதியிருந்தா நாங்க மீறுவோமா?" என்றார் கண்காணிப்பாளர், கொஞ்சம் மனம் நொந்து. பார்சலை வரவழைத்தார். ஆவிப்பெட்டிக்குள் வைத்தார். ஊழியர்கள் எல்லோரும் தள்ளி நின்று கைதட்டினார்கள். பெட்டி நன்றாகச் சீறி அடங்கியதும், பார்சலை இடுக்கியால் வெளியே எடுத்துக் காட்டினார். "பாருங்க, எங்கயாவது ஏதாவது எழுதியிருக்கா?"

ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மகளின் சாய்ந்த எழுத்தும் போயிருந்தது.

பெயரும் விலாசமும் அழிந்துவிட்டதால் யாருக்கு என்று நிரூபிக்கச் சில நாள் பிடித்தது. அதற்குள், ஓய்வறைக்குள் கால் வைத்ததற்காகப் பூட்டுக்காரரையும் வீட்டில் ஓய்வில் இருக்கச் சொல்லி, கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவரை யாரும் வந்து எடுத்துப் பார்க்காததால் அவருடைய பதினாலு நாள் மட்டும் பதினாலே நாளில் முடிந்தது. முடிந்த அன்று பார்சலும் வீடு வந்தது.

மனைவி மேசைமேல் துணி விரித்து, பார்சலை அதன்மேல் வைத்துப் பிரித்தாள். அட்டை ஊறிக் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. உள்ளே மிஷின் மட்டும் பளபளவென்று இருந்தது. மின்கலம் போட்டு, காதில் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். எதிரே புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குதா?" என்றார்.

அவருடைய உதடு அவளுக்குத் தெரிந்தது. "நல்லா கேக்குதுங்க" என்றாள். "பழசைவிட நல்லா இருக்கு."

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு ஃபோன் போட எழுந்தவர், ஃபோன் அலமாரியில் இருக்க, அலமாரியைப் பார்த்தபடி "சார்ஜர் எங்கம்மா வச்சே?" என்று கேட்டார். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். பதில் இல்லை. அலமாரிக் கதவை அறைந்து சாத்திப் பார்த்தார். திரும்பிப் பார்த்தால், அவள் மேசையில் கைகளைக் கோத்துக்கொண்டு, கேட்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது போலத் தலையை லேசாகச் சாய்த்து, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். அவர் அலைந்த அலைச்சலுக்கு அவளால் கொடுக்க முடிந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அவர் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பிறகுதான் குழாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை என்று உறைத்தது.

விஷயத்தை மகளுக்கு மட்டும் சொன்னார். "அப்பா, புகார் கொடுங்க. ஆவியில வச்சுக் கெடுத்தது அவங்கதான்னு ஒத்துக்கிட்டா கம்பெனி புதுசு தருவாங்க" என்றாள் மகள். மனைவிக்குத் தெரியாமல் பூட்டுக்காரர் புகார் பிரிவுக்குப் போனார். அது அதே கட்டடத்தின் பின்வாசல்.

"புகார் சரிதான்" என்றாள் அங்கே இருந்த அம்மா. "ஆனா பார்சல் யார் பேர்ல வந்துச்சோ அவங்கதான் சொல்லணும். நேர்ல வரக்கூடாது, தொற்று. நாங்க ஃபோன் பண்ணுவோம்."

"அவங்களுக்குக் காது கேக்காதும்மா. அதுக்குத்தானே இந்த மிஷினே."

"கேக்காதுங்கிறதை அவங்களே ஃபோன்ல சொல்லட்டும். குறிச்சுக்கிறேன். வேற யாராவது பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்டா புகார் ரத்து."

இரண்டு நாள் கழித்து, அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. காதில் அந்த மிஷின் இருந்தது. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை மாட்டிக்கொண்டுவிடுவாள். மேசைமேல் ஃபோன் 'தபாலாபீஸ்' என்று ஒளிர்ந்து அதிர்வதைப் பார்த்தாள். பூட்டுக்காரர் கையை நீட்டுவதற்குள் அவளே எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"வெளிநாட்டுத் தபால் பிரிவு, புகார்ப் பகுதி. பார்சல் உங்க கைக்கு வந்து சேர்ந்ததுங்களாம்மா?"

பூட்டுக்காரர் அவள் முன்னால் ஓடி வந்து நின்றார். வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. காது கேட்கிறவர்கள் ஃபோனில் பேசும்போது யார் உதட்டையும் பார்ப்பதில்லை, சுவரையோ ஜன்னலையோ பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் விட்டு, "ஆமா, ஆமா" என்றாள்.

"அதிகத் தாமதம் இல்லாம வந்ததுங்களா?"

"ஆமா, ஆமா."

"உள்ள இருந்த சாமான் நல்லா வேலை செய்யுதுங்களா?"

பூட்டுக்காரர் அவள் தோளைத் தொட்டார். அவள் கையாலேயே, இரு, பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவரை அமர்த்தினாள். "ஆமா, ஆமா. ரொம்ப சந்தோஷம்!"

"ரொம்ப நன்றிம்மா. புகாரை முடிச்சுடறோம். இந்த வருஷத்துல ஜனங்ககிட்டேர்ந்து எங்களுக்கு வந்த முதல் பாராட்டு உங்களோடதுதான். உங்க குரலை மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறோம்."

ஃபோனின் வெளிச்சம் அணைந்ததும் பேச்சு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தாள். மாசக்கணக்கில் இல்லாத ஒரு தெளிச்சி அவள் முகத்தில் இருந்தது. இப்போதுதான் திரும்பி அவர் உதட்டைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, ஃபோன்லயே பேசிட்டேன்! சும்மா சொல்லக்கூடாதுங்க, அந்தத் தபாலாபீஸ்காரங்க நல்லவங்க. இல்லையா?"

பூட்டுக்காரர் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு, அவளுக்குத் தெளிவாகத் தெரியும்படி, உதட்டை நன்றாகப் பிரித்துச் சொன்னார்.

"ஆமா, ஆமா."